சுகந்தி எடுக்கும் ஏழு படங்கள்

முப்பத்து நான்காம் வளைவில் நிறுத்தும்போது சுகந்தி எஞ்சினை அணைப்பதில்லை. கை பிரேக்கை இழுத்து, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, இருக்கைக்குப் பின்னாலிருந்து சிலேட்டை எடுப்பாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரணக் கருப்புச் சிலேட்டு. அதில் தேதி, கிழமை, மணி, வளைவின் எண், கடைசியில் தன் பெயர். தடுப்புச் சுவரின் அடியில் அதைச் சாய்த்துவைத்து, சாலையோரத்தில் அவளே பெயிண்ட்டால் வைத்த புள்ளியின் மேல் நின்று செல்போனில் ஒரு படம் எடுப்பாள். நேற்றும் அதே புள்ளி, முந்தாநாளும் அதே புள்ளி. நின்ற இடம் மாறினால் மண் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று யாராலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

கொல்லிமலைச் சாலையில் எழுபது வளைவுகள். அவள் படம் எடுப்பது ஏழில். அறுபத்தெட்டில் மேகம் இறங்கும். ஐம்பத்தேழும் ஐம்பத்தொன்றும் மரம் சாயும் இடங்கள். நாற்பத்திரண்டில் பாறை உருளும். முப்பத்து நான்கில் மண் சரியும். பத்தொன்பதில் வண்டிகள் முட்டிக்கொள்ளும். ஆறாம் வளைவில் மழைத் தண்ணீர் குறுக்கே ஓடும். காலை ஐந்தேகாலுக்குத் மலைமேல் தன் ஊர்ப்பகுதியான திண்ணனூர் நாட்டிலிருந்து வாழைத்தாரோ மரவள்ளிக் கிழங்கோ ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், ஏழு இடத்திலும் நின்று ஆறரைக்கு அடிவாரத்துக் காரவள்ளி சேருவாள். சிக்னல் கிடைக்கும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து படங்களைச் சுருக்கித் தன் இணையப் பக்கத்தில் ஏற்றுவாள். மலையில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

அவள் வண்டிக்காரி ஆனது ஒன்பது வருடத்துக்கு முன்னால். மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய அவள் கணவன் செல்வம் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். எழுந்து நடந்துவிட்டான், தோட்ட வேலையும் செய்கிறான். ஆனால் கிளட்ச்சை மிதிக்கும்போது இடது கால் மரத்துப்போகும். எழுபது வளைவில் அது ஆகாது. வாசலில் நின்ற ‘குட்டி யானை’ சரக்கு வண்டியைச் சுகந்தி எடுத்தாள். முதல் மாதம் பழைய டிரைவர் அர்த்தனாரி, காரவள்ளி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “புள்ள ஓட்டற ஓட்டத்துக்குக் காயா ஏத்துன வாழத்தாரு, கீழ வர்றதுக்குள்ள பழுத்துரும் போலருக்குதே!” சுகந்தி கண்ணாடியை இறக்கி, “பழுத்தா உங்களுக்கு ரெண்டு சீப்பு தாரேன், நீங்க தள்ளி நில்லுங்கண்ணா, திருப்பணும்” என்றாள். அதோடு அவர் பேச்சை மாற்றிக்கொண்டார். இன்றைக்கு அவர் வண்டியும் சுகந்தியின் பக்கத்தைப் பார்க்காமல் நகராது.

பக்கம் என்று ஒன்று வேண்டியிருந்ததற்குக் காரணம் வாட்ஸ்அப் குழு. சாலை நிலவரத்துக்கென்று டிரைவர்கள் ஆரம்பித்த குழுவில் காலை வணக்கமும் சாமி படமும் நிரம்பின. நடுவில் எவனோ மூன்று வருடத்துக்கு முந்தைய மண் சரிவுப் படத்தைப் போடுவான். அது நாலு குழு சுற்றி வருவதற்குள் மலையே அடைபட்ட மாதிரி ஆகிவிடும். எந்தப் படம் எந்த நாளினது என்று யாருக்கும் தெரியாது. சுகந்தி பத்தாவது வரை படித்தவள். செம்மேட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் கொழுந்தன் முகேஷிடம் ஒரு பழைய லேப்டாப் வாங்கினாள். ஹோஸ்டிங் கம்பெனியின் உதவிப் பக்கங்களை ஒவ்வொரு வரியாகப் படித்து, புரியாததை நோட்டில் எழுதி, மறுநாள் திரும்பப் படித்து, நாலு மாதத்தில் தன் பக்கத்தைத் தானே கட்டினாள். ஏழு படங்கள், அவ்வளவுதான். விளம்பரம் கிடையாது, பாட்டு கிடையாது. மலையில் சிக்னல் திணறும் என்பதால் ஒவ்வொரு படத்தையும் அறுபது கேபிக்கு மேல் போகாமல் சுருக்கினாள்.

ஆரம்பத்தில் ஒரு தப்பும் செய்தாள். முப்பத்து நான்காம் வளைவின் படத்துக்குத் தினமும் ‘34’ என்ற ஒரே பெயர். புதியதை ஏற்றினால் பழையது அழிந்துவிடும், இடமும் மிச்சம் என்று நினைத்தாள். ஆனால் பெயர் மாறாததால் சிலருடைய செல்போன் நேற்றைய படத்தையே எடுத்துக் காட்டியது. வெயிலடித்த நேற்றைய சாலையைப் பார்த்துவிட்டு, மேகம் மூடிய இன்றைய சாலையில் அர்த்தனாரி இறங்கினார். தடுப்புச் சுவரில் உரசி ஒரு பக்கக் கதவு போயிற்று. அவர் திட்டவில்லை. “கதவு போச்சு, நா போவல” என்றார். சுகந்திக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. செட்டிங்கை மாற்றினாள். அது போதாது, எந்தச் செல்போன் என்ன செய்யும் என்று யார் கண்டது, படத்துக்குள்ளேயே தேதி இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் சிலேட்டு வாங்கினாள்.

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் பக்கம் திறக்கவில்லை.

காரவள்ளி வந்து படங்களை ஏற்றிவிட்டுத் திறந்து பார்த்தால், ‘இந்தத் தளத்துக்கான மாத அளவு முடிந்துவிட்டது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வெள்ளைத் திரை. மாதக் கணக்கு தொடங்கி ஏழு நாள்தான் ஆகியிருந்தது. அவளுடைய திட்டத்தில் மாதத்துக்குப் பத்து ஜிபி. மலைக்காரர்கள் எல்லோரும் பார்த்தாலும் நாலைத் தாண்டாது. ஏதோ கோளாறு என்று அவள் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அதே திண்ணனூர் நாட்டுச் சுப்பையன் தன் மனைவி சின்னாயியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தார். சின்னாயிக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் நாமக்கல்லில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். காலை எட்டரைக்குள் போனால்தான் படுக்கை. முன்பெல்லாம் சுகந்தியின் பக்கத்தைப் பார்த்து, இந்தச் சாலை அடைபட்டிருந்தால் முள்ளுக்குறிச்சிப் பக்கம் சுற்றிப் போய்விடுவார்கள். அன்றைக்குப் பார்க்க முடியவில்லை. முப்பத்து நான்கில் சுகந்தி கடக்கும்போதே பாதிச் சாலைக்கு மண் இறங்கியிருந்தது, அவள் எடுத்த படத்தில் அது இருந்தது; அடுத்த அரை மணி நேரத்தில் முழுக்க அடைத்துக்கொண்டது. முன்னால் பஸ், பின்னால் லாரி. மூன்றரை மணி நேரம் ஜீப் அங்கேயே நின்றது. படுக்கை போய்விட்டது. மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை சுகந்தி அவர்கள் வீட்டுக்குப் போனாள். சின்னாயியின் முகமும் காலும் வீங்கியிருந்தன. மூச்சு இரைத்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

“வாடியம்மா கலெக்டரு. உம்பட பக்கத்துக்கு இன்னைக்கு லீவா?”

“இல்லீங்க பெரியம்மா. என்னமோ ஆயிப்போச்சு. கண்டுபுடிச்சர்றேன்.”

“கண்டுபுடி கண்டுபுடி. நா வெள்ளிக்கெழம வரைக்கும் இருந்தாப் பாக்கறேன்.”

“வாயக் கழுவு” என்றார் சுப்பையன். சுகந்தியிடம் திரும்பி, “நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத கண்ணு” என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். யார் எந்த வழியாக வந்து எந்தப் படத்தைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவு ஒன்று உண்டு. அதுவரை அவள் அதைப் பார்த்ததில்லை. பார்த்தபோது, பத்தில் எட்டுப் பங்கு ஒரே வாசல் வழியாகப் போயிருந்தது. ‘மேகவாசல் டூர்ஸ்’ என்று சேலத்தில் ஒரு சுற்றுலா நிறுவனம். அதன் தளத்தைத் திறந்தாள். ‘கொல்லிமலைச் சாலை இன்று: எங்கள் குழுவின் நேரடிப் படங்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஏழு படங்கள். அவளுடைய ஏழு.

அந்த நிறுவனத்தின் போன் எண்ணைப் பிடித்துப் பேசினாள். முதலாளி பெயர் முரளி. மரியாதையான குரல்.

“மேடம், ஒரு விஷயம் புரிஞ்சுக்கங்க. உங்க படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. நாங்க காப்பியே எடுக்கல. அது எங்கிருக்குன்னு ஒரு அட்ரஸ் மட்டும்தான் போட்டிருக்கோம். படம் உங்க சர்வர்லதானே இருக்கு?”

“அதேதாங்க நானும் சொல்றேன். எங்கூட்லதான் இருக்குது. உங்க ஊட்டுக்கு வர்ற அத்தன பேருக்கும் எங்கூட்லருந்து போவுது.”

“இதுல உங்களுக்கென்ன நஷ்டம்?”

“எங்கூர்க்காரங்களுக்குப் படம் வல்லீங்க.”

“பெரிய பிளான் எடுத்துக்கங்களேன். அதுவுமில்லாம, ரோடு கவர்ன்மென்ட் ரோடு. அதுல என்ன காப்பிரைட்டு?”

“ரோடு கவர்ன்மென்ட்டுது. மேகம் யாருதுமில்ல. படம் நான் எடுத்தது. எடுத்தவங்களுக்குத்தான் உரிமைன்னு சட்டத்துல இருக்குதுங்க, பதியக்கூட வேண்டியதில்லைன்னு. நா படிச்சுட்டுத்தான் பேசறேன்.”

“பாத்துட்டுச் சொல்றேன் மேடம்” என்று வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவில்லை.

மறுபடி அந்தத் தளத்தை உற்றுப் பார்த்தபோதுதான் சுகந்திக்கு உண்மையான கோபம் வந்தது. படங்களின் அடிப்பகுதியைக் காணோம். சிலேட்டு தெரியாதபடி, படத்தின் கீழ்க்கால்வாசி மறையுமாறு சட்டத்தைச் சின்னதாக்கியிருந்தார்கள். அவள் பெயர் போனது ஒரு பக்கம். தேதியும் போய்விட்டது. அங்கே பார்ப்பவன் எந்த நாளின் சாலையைப் பார்க்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. கதவு உரசிய அன்றைக்கு அவள் எதைச் சரிசெய்தாளோ அதை இவர்கள் பிய்த்து எறிந்திருந்தார்கள்.

அர்த்தனாரிக்கு அவள் விளக்க வேண்டியிருந்தது. “அண்ணா, ஊத்துலருந்து நா ஓஸ் போட்டு ஊட்டுக்குத் தண்ணி கொண்டாரேன். வழியில ஒருத்தன் என் ஓஸ்ல ஓட்டை போட்டு அவன் ஓட்டலுக்குச் சொருவிட்டான். கேட்டா, நா உன் தண்ணியத் தூக்கிட்டுப் போவலியே, அது உன் ஓஸ்லதானே வருதுங்கறான்.”

“வெட்டி உட்ரு புள்ள” என்றார் அவர்.

முகேஷுக்கு வேறு யோசனை. “அண்ணி, படத்த மாத்தி உடுங்க. அவங்க சைட்ல மட்டும் ஏழு கழுதப் படம் வர்ற மாதிரி பண்ணிரலாம். கஸ்டமரு காறித் துப்புவான்.”

“முப்பத்திநாலுன்னு கேட்டா முப்பத்திநாலுதான் வரோணும். வேற எதும் வராது.”

“அவன் திருடங்க அண்ணி.”

“கேக்கறது அவனில்ல. புள்ள குட்டியோட வேன்ல வர்றவன் கேக்கறான். அவனுக்கு நா எதுக்குக் கழுதயக் காட்டறேன்?”

கூடுதல் அளவு வாங்கிப் பக்கத்தைத் திறந்தாள். கூடவே, உதவிப் பக்கத்தைப் பார்த்து நாலு வரி எழுதினாள். தன் பக்கத்திலிருந்து கேட்டால் படம் கொடு, மேகவாசலிலிருந்து கேட்டால் கொடுக்காதே. நாலு வரியைச் சரியாக எழுத இரண்டு நாள் ஆனது. முதல் தடவை ஒரு குறியை விட்டதில் அவளுக்கே படம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை சரியானது. மேகவாசலில் ஏழு காலிக் கட்டங்கள். சின்னாயி நேரத்துக்கு நாமக்கல் போய்ப் படுத்தாள்.

சனிக்கிழமை ஆடிப் பெருக்கு. இறக்கிய வண்டியில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே திரும்பிய சுகந்தி, முப்பத்து நான்கில் மாட்டிக்கொண்டாள். பாதி மண்தான் அள்ளியிருந்தார்கள், ஒரு வண்டி போகும் வழிதான். அதில் எதிரும் புதிருமாக மூன்று சுற்றுலா வேன்கள். மூன்றிலும் மேகவாசல் பெயர்.

“ஏம்ப்பா, ஒத்த வழின்னு தெரியாம எப்புடி வந்தீங்க?” என்று முதல் வேன் டிரைவரிடம் கேட்டாள்.

“எங்க சைட்ல படம் வரலக்கா. ஆபீஸ்ல கேட்டா, போ போ, கிளியராத்தான் இருக்கும்னாங்க.”

வேனுக்குள் ஒரு குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் பஸ் நிரம்ப மலைக்காரர்கள். அன்றைக்கு அந்த பஸ்ஸில் வந்த அர்த்தனாரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “வெட்டி உடச் சொன்னது நாந்தான். ஆனாப் பாரு, அவனுக்குத் தண்ணி போவலீன்னா நம்ம ஊட்டு வாசல்லதான் வந்து நிக்கறான்.”

ஒரு மணி நேரம் நின்றாள். அந்த ஒரு மணி நேரத்தில் யோசித்து முடித்தாள். முரளிக்குப் படம் கிடையாது. அதில் மாற்றமில்லை. ஆனால் சாலை எப்படி இருக்கிறது என்ற சேதியை யாருக்கும் மறைக்க அவளுக்கு மனமில்லை. சேதி கனமில்லாதது, படம்தான் கனம்.

ஞாயிறு காலை முதல் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு படங்கள் எடுத்தாள். ஒன்று வழக்கமான சாலைப் படம். இன்னொன்று சிலேட்டு மட்டும், சட்டம் முழுக்க நிறையும்படி. கறுப்பு வெள்ளையாக்கிச் சுருக்கினால் மூன்று கேபி. நாலு வரியை மாற்றினாள். மேகவாசலிலிருந்து யார் கேட்டாலும் சாலைப் படத்துக்குப் பதில் சிலேட்டுப் படம் போகும். வெட்டவோ மறைக்கவோ அதில் அடிப்பகுதி என்று ஒன்று இல்லை. ‘எங்கள் குழுவின் நேரடிப் படங்கள்’ என்ற தலைப்பின் கீழ், சேலத்திலும் சென்னையிலும் பெங்களூரிலும் அதைத் திறந்தவர்கள் பார்த்தது இதைத்தான்:

‘வளைவு 34. ஆகஸ்ட் 4, ஞாயிறு, காலை 5.55. மண் சரிவு. ஒரு வண்டி போகும் வழி மட்டும். ஏறும் வண்டிக்கு இடம் விடவும். இந்தத் தளத்துக்கு என் படத்தை நான் கொடுக்கவில்லை. சுகந்தி, திண்ணனூர் நாடு.’

இப்படி ஏழு.

புதன்கிழமை முரளி நேரிலேயே வந்துவிட்டார். காரவள்ளி டீக்கடை முன்னால் வெள்ளைக் கார் நின்றது. சுகந்தி பெஞ்சில் உட்கார்ந்து படம் ஏற்றிக்கொண்டிருந்தாள். அர்த்தனாரியும் நாலைந்து டிரைவர்களும் டீயோடு நெருங்கி உட்கார்ந்தார்கள்.

“மேடம், என் கம்பெனி பேரக் கெடுக்கறீங்க. நூறு போன் வந்திருச்சு. நான் வக்கீலப் பாக்க வேண்டி வரும்.”

“உக்காருங்க” என்றாள் சுகந்தி. “ரெண்டு நிமிசம். ஆறாவது வளைவு ஏறிட்டிருக்குது.”

அவர் நின்றுகொண்டே இருந்தார். படம் ஏறி முடிந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

“அதுல எது பொய்யின்னு சொல்லுங்க. இப்பவே அழிச்சர்றேன்.”

“பொய்னு சொல்லல…”

“ஒத்த வழின்னு எழுதுனது பொய்யா? நாங் கொடுக்கலீங்கறது பொய்யா?”

“யாராவது இப்படிப் பண்ணுவாங்களா மேடம்?”

“எஞ் சர்வர்லருந்து நா எதக் கொடுக்கறதுன்னு நாந்தானே சொல்லோணும்? நா உங்க சைட்டத் தொடவே இல்லீங்களே. நீங்க வந்து கேக்கறீங்க, நா கொடுக்கறேன்.”

டிரைவர்கள் சிரித்தார்கள். முரளிக்கு முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சரி, வேற மாதிரி பேசுவோம். பெரிய பிளான் நான் எடுத்துத் தரேன். உங்களுக்கு மாசம் ஒரு தொகை. சிலேட்டு வேண்டாம், எங்க லோகோ போட்டுக்கறோம். படம் மட்டும் எங்க பேர்ல இருக்கட்டும்.”

“எங்கூர்க்காரங்க?”

“அவங்க எங்க சைட்ல வந்து பாத்துக்கட்டும். என்ன ஒண்ணு, ஒரு விளம்பரம் ஓடும். அவ்வளவுதான்.”

“எங்கூர்ல விளம்பரம் ஓடி முடியறதுக்குள்ள சிக்னலு போயிரும்” என்றார் அர்த்தனாரி.

சுகந்தி சாக்பீஸ் தூசியைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “வேணாமுங்க. படம் என் பேர்லதான் இருக்கும். நீங்க மொதல்லயே கேட்டிருந்தீங்கன்னா, தேதியோட, பேரோட, நீங்களே எடுத்து உங்க சர்வர்ல வெச்சுக்கங்கன்னு சும்மாவே கொடுத்திருப்பேன். தேதிய மறைச்சீங்க பாருங்க, அதோட முடிஞ்சுது.”

“அப்போ நானே ஆள் வெச்சு எடுத்துக்கறேன். ரோடு பொதுதானே?”

“தாராளமா எடுங்க. அந்தப் படம் உங்களுது, நா தொடமாட்டேன். அஞ்சே காலுக்கு மல மேல நிக்கச் சொல்லுங்க. தெனமும் வரோணும், மழ பேஞ்சாலும் வரோணும். தேதி போடச் சொல்லுங்க.”

முரளி காரில் ஏறினார். மத்தியானத்துக்குள் மேகவாசல் தளத்தில் அந்தப் பக்கமே இல்லை. ‘புறப்படும் முன் சாலை நிலவரம் அறியவும்’ என்று ஒரு வரியும் அதன் கீழ் சுகந்தியின் பக்கத்துக்கு ஒரு சுட்டியும் மட்டும் இருந்தன. தொட்டால் அவள் வாசலுக்கு வரும். அப்படி வருகிறவர்களை அவள் தடுக்கவில்லை. வேனுக்கு ஒருவர் வந்து பார்த்தால் அவள் அளவு தாங்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாற்பத்திரண்டில் பாறை. சாலை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது. சுகந்தியால் அதற்குக் கீழே போகவே முடியவில்லை. காரவள்ளி சிக்னலும் இல்லை. பாரத்தோடு வண்டியைப் பின்னோக்கி எடுத்து, திருப்ப இடம் கிடைத்த வளைவில் திருப்பி, மேலே ஏறிச் சிக்னல் கிடைத்த முதல் இடத்தில் நிறுத்தினாள். நாலு படங்களைத்தான் ஏற்ற முடிந்தது. மீதி மூன்று இடத்திலும் சாலைப் படம் இல்லை, ‘இன்று போய்ப் பார்க்க முடியவில்லை’ என்ற சிலேட்டுதான். நேற்றைய படத்தை அங்கே விட்டுவைக்க அவள் சம்மதிக்கவில்லை. மணி ஆறு பத்து.

எட்டே முக்காலுக்குப் போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவில் சின்னாயியின் குரல்.

“ஏண்டி கலெக்டரு, முள்ளுக்குறிச்சி ரோட்ல வந்தம்டி. குலுக்கற குலுக்கல்ல இடுப்பே போச்சு.”

“படுத்துட்டீங்களா பெரியம்மா?”

“எட்டேகாலுக்கே படுக்கப் போட்டுட்டாங்க. ஊசி குத்தியாச்சு. அந்த ரோட்டையும் படம் எடுத்துப் போடுடி, எத்தன குழின்னு ஊரே பாக்கட்டும்.”

“அது வேற ரோடுங்க. அதுக்கு வேற ஆளு வேணும்” என்றாள் சுகந்தி. பிறகு சற்று யோசித்து, “அங்க எத்தன எடத்துல நிக்கோணும்னு பெரியப்பாவக் கேட்டு வைங்க” என்றாள்.